நூறு கோழிக்கு ஒரு குப்பி

விதி இதுதான்: வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்துக் குப்பியைத் திறந்தால், அன்றைக்கே நூறு கோழிகளுக்குப் போட்டு முடித்துவிட வேண்டும், மிச்சத்தை எடுத்துவைக்கக் கூடாது. அத்தனை கோழி இல்லாதவர்கள் எழுத்து மூலம் கேட்டால், தெருக் கோழிகளை எல்லாம் சேர்த்து அங்கேயே முகாம் போட்டுத் தர வேண்டும். கால்நடை மருந்தகத்துச் சுவரில், சிலந்திவலைக்குப் பின்னால் இது ஒட்டியிருந்தது. முதல் பாதியை எல்லோரும் கடைப்பிடித்தார்கள். இரண்டாம் பாதியைப் படித்த ஒரே பிரஜை நான்.

அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்று, பாகூர் பக்கத்தில் கட்டியிருந்த வீட்டுக்கு வந்தபோது சக ஊழியர்கள் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கறுப்புப் பெட்டைக்கோழி கொடுத்தாள். கடிகாரம் முதல் மழைக்காலத்திலேயே நின்றுவிட்டது. கோழி நிற்கவில்லை. இரண்டு வருடத்தில் என்னிடம் பதினொன்று இருந்தன. மற்ற பத்தும் ஏதோ ஒரு வகையில் கறுப்பியின் வாரிசுகள்.

பக்கத்து வீட்டுக்காரி திருபுவனை பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்த்தாள். அதற்கு முன்பு இருபது வருடம் நாற்று நட்டவள். நான் கையேடு பார்த்துக் கோழி வளர்ப்பதை அவள் சினிமா பார்ப்பதுபோல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பாள். ஐப்பசி மழையில் கூண்டுத் தரை சேறானபோது, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வேண்டும் என்று நான் அளந்துகொண்டிருந்தேன். அவள் தன் வீட்டு உடைந்த கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, மேலே உமியும் சாம்பலும் கொட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். தையில் அறுவடை நடந்த நாட்களில் என் கோழிகள் அனுமதியின்றி அடுத்தவர் களத்துக்குப் போயின. ஆய்வுக்குப் போன அதிகாரிகள் மதியச் சாப்பாடு முடிந்து வருவதுபோல், இரைப்பை புடைக்க அசைந்து அசைந்து திரும்பின.

மாசியில்தான் வினை வந்தது. மணப்பட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா கூடையை இறக்கியதும் முதலில் சொன்னது மீன் விலை அல்ல.

"எங்கூர்ல கோழிங்கோ சுருண்டு சுருண்டு வுழுது மேடம். வெள்ளையா கழியுது, காலையில பாத்தா காலை நீட்டிக்கினு கெடக்குது. உங்குளுத பாத்துக்குங்க."

மருந்தகத்துக்குப் போனேன். கம்பவுண்டர் நல்ல மனிதர். "பதினொண்ணுக்குக் குப்பிய ஒடைக்க முடியாதே மேடம். நூறு சேத்துக்கினு வாங்க."

அப்போதுதான் சுவரில் அந்த இரண்டாம் பாதியைப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடம் பிறர் மனுவைத் திருப்பி அனுப்பியவளுக்குத் திருப்பி அனுப்ப முடியாத மனு எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாதா? பொருள், பார்வை, கோரிக்கை எல்லாம் இருக்க வேண்டும். இணைப்பும் இருக்க வேண்டும். இணைப்பு இல்லாத மனு கொண்டையில்லாச் சேவல். ஆகவே தெருவின் கோழிகளைப் பட்டியலிட நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினேன்.

வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுக்காரி, "இன்னா மேடம் இது, கோழிய எண்ணப் போறீங்களா? வாணாம். எண்ணுனா கண்ணு பட்டுரும்பாங்க. ஒருத்தரும் நெசம் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

"அரசாங்கக் காரியத்துக்கு ஏன் பொய் சொல்லப்போகிறார்கள்?" என்று கேட்டேன். அரசாங்கத்தில் அத்தனை வருடம் இருந்துவிட்டு இதைக் கேட்டேன்.

நோட்டைக் கண்டதும் தெரு மாறிவிட்டது. பறவைக் காய்ச்சல் என்று வெள்ளை உடை ஆட்கள் கோழிகளை மூட்டை கட்டிப் போவதை எல்லோரும் டிவியில் பார்த்திருந்தார்கள். கொல்லையில் இருபது கோழி கிளறிக்கொண்டிருக்க, வாசலில் ஒருத்தி "எங்ககிட்ட ரெண்டுதாம்மா" என்றாள். பின்னாலிருந்து சேவல் கூவியது. "அது?" என்றேன். "அது பக்கத்து வூட்டுது." பக்கத்து வீட்டில் அது எதிர்வீட்டுச் சேவல் ஆனது. எதிர்வீட்டில், கோழி என்ற பிராணியையே கேள்விப்பட்டதில்லை என்பதுபோல் பார்த்தார்கள். என் பதினொன்றையும் சேர்த்துத் தெருவின் மொத்தக் கோழிகள் முப்பத்தெட்டு என்று முடித்துக் கையெழுத்திட்டேன். பொய் என்று தெரியும். ஆனால் இணைப்பு சுத்தமாக இருந்தது.

மனுவுக்கு ஒப்புகை வாங்கிக்கொண்டு காத்திருந்தேன். பங்குனி பிறந்தது. கறுப்பி ஒன்பது முட்டைகளின் மேல் அடைக்கு உட்கார்ந்தாள். இடம், ஆபீஸிலிருந்து நான் கொண்டுவந்த பழைய கோப்புப் பெட்டி. அதன்மேல் என் கையெழுத்திலேயே 'நிலுவை' என்று எழுதியிருந்தது. அவளுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பு இல்லை. இதை அப்போது யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய வீட்டில் மூன்று கோழிகள் செத்துக் கிடந்தன. என் பதிவேட்டின்படி அந்த வீட்டில் கோழியே கிடையாது.

அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கிய பக்கத்து வீட்டுக்காரி நேரே என்னிடம் வந்தாள். "கம்பவுண்டருக்குப் போன் போட்டுட்டன். நாளிக்கி காலையில எல்லாரும் போறோம். நீங்க கூண்டை மட்டும் தொறக்காதீங்க. தொறந்தா அதுங்களப் புடிக்க மிலிட்டரிதான் வரணும்."

தலையாட்டினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு, தினமும் செய்வதுபோல், போய்க் கூண்டைத் திறந்துவிட்டேன். ஒழுங்கு என்பது அப்படிப்பட்ட வியாதி.

அடுத்த அரைமணி நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அரிசியைக் காட்டியதும் சேவல் வந்து மாட்டிக்கொண்டான். பெட்டைகள் ஐந்து சிக்கின. இரண்டு முருங்கை மரம் ஏறின. இரண்டு கரும்புக் கொல்லைக்குள் புகுந்தன. கறுப்பியை மட்டும் துரத்த வேண்டியிருக்கவில்லை. முட்டையோடு, பெட்டியோடு, அப்படியே தூக்கினேன்.

தெருமுனையில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. உரச்சாக்கில் ஓட்டை போட்டுத் தலைகள் நீட்டிக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக் கூடைகள், ஒரு ஸ்கூல் பை, மூடி கட்டிய அண்டா. "ரெண்டுதாம்மா" என்றவள் இரண்டு சாக்கோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் சாக்கை மூடினாள்.

மருந்தகத்தில் கம்பவுண்டர் ஐஸ் பிளாஸ்க்கைத் திறந்தபடி, "மொத்தம் எத்தினி?" என்றார்.

"எண்ணாத" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "ஊசி தீந்தா நீ சொல்லு. கோழி தீந்தா நான் சொல்றன்."

முதல் குப்பி தீர்ந்து இரண்டாவதை உடைத்தார். கறுப்பியின் இறக்கையைத் தூக்கி ஊசி போட்டபோது அவள் அவர் மணிக்கட்டைக் கொத்தினாள். "மேடம், உங்க மனு மேல போயிருக்குது" என்றார், கையை உதறிக்கொண்டே. அந்தக் கட்டிடத்துக்கு மாடி கிடையாது.

திரும்பும் வழியில் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "கறுப்பி பொழைச்சா முனீஸ்வரனுக்குச் சேவல் அறுக்கிறன்னு வேண்டிக்கினன்."

"எந்தச் சேவல்?"

"உங்குளுதுதான்."

"என்னைக் கேட்டாயா?"

"வேண்டுதல் என்னுது, சேவல் உங்குளுது. ஆளுக்குப் பாதி."

ஊசி உடம்பில் பிடிக்க நாளாகும் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். அந்த நாட்களுக்குள் நோய் என் கொல்லைக்கு வந்தது. மரம் ஏறிய இரண்டும், கரும்புக்குள் ஓடிய இரண்டும், ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டன. நான்கையும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். நான் ஆறு மணிக்குத் திறந்த கதவு அது. கையேட்டில் இதற்கு ஒரு பத்தியும் இல்லை. ஒரு நாள் கறுப்பி பெட்டியை விட்டிறங்கி, இறக்கை தொங்க, வாய் திறந்தபடி நின்றாள். நான் கடப்பாரையையே எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி வேலியைத் தாண்டி வந்து பார்த்துவிட்டு, "வெயில்மா. தண்ணி வையி. அதுக்குள்ள குழி தோண்டுறியே" என்றாள். மேடம் அன்றோடு போயிற்று.

மூன்றாம் நாள் பெட்டிக்குள் கீச்சுச் சத்தம் கேட்டது. ஒன்பதில் ஏழு பொரித்திருந்தன.

சேவல் தன் பாதியை ஆடியில் செலுத்தினான். முனீஸ்வரன் கோயில் வேப்பமரத்தடியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் என்னைத் தேடி வந்து ஒரு உறையைக் கொடுத்தார். என் மனுவுக்குப் பதில். நடை அருமையாக இருந்தது. நானே எழுதியிருந்தாலும் ஒரு வார்த்தை மாற்றியிருக்க மாட்டேன். மனுதாரர் தாமே இணைத்துள்ள பட்டியலின்படி தெருவில் முப்பத்தெட்டுக் கோழிகளே உள்ளதால், முகாம் நடத்த வழியில்லை.

"இன்னா எழுதிக்கிறாங்க?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, கரண்டியோடு.

"நம்ம தெருவில் முப்பத்தெட்டுக் கோழிதான் இருக்கிறதாம்."

அவள் கொதிக்கிற அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "அதுல ஒண்ணைக் கழிச்சிக்கச் சொல்லு" என்று சொல்லி, ஈரலை என் இலையில் போட்டாள்.

சாப்பிடுவதற்கு முன், கை பழக்கத்தில், கடிதத்தின் மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: ஆடி பதினெட்டு.