தலையாட்டியும் எண்ணெய்க் குப்பியும்

எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்தவர் மாவு மில் அண்ணன். அண்ணியும் அந்நியமில்லை, எங்கள் தாய்மாமன் மகள்தான். யார் பக்கம் பேசினாலும் எனக்கு உதை விழும் என்பதால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

மில்லுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் மாட்டிய கண்ணாடி பகலெல்லாம் நடுங்கும். பெல்ட் சுற்ற ஆரம்பித்துவிட்டால் அண்ணன் காதில் ஒன்றும் ஏறாது. "நைசா அரைங்க" என்றாலும் "வேட்டியில தீப்பிடிச்சிருக்கு" என்றாலும் ஒரே மாதிரி தலையை ஆட்டுவார். தெருவே அவருக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்தது. விவரம் தெரிந்தவர்கள் அந்தத் தலையை நம்பாமல் விரலைத் தேய்த்துக் காட்டி அரைத்து வாங்கிப் போவார்கள்.

மில்லுக்கு விடுமுறை என்றால் கல்லைக் கழற்றிப்போட்டு உளியால் கொத்துவார். வீட்டுக்குள் வந்தால் ரேடியோவை அலற விடுவார். சத்தம் இல்லாத இடத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளாது. எங்கள் சின்னக்கா வீட்டில் ஒருநாள் தங்கப் போனவர், "என்னடி இது, எழவு வீடு மாதிரி இருக்கு" என்று பொழுது சாயுமுன்னே திரும்பி வந்துவிட்டார்.

அண்ணிக்கு மாவுத் தூசு நெஞ்சில் இறங்கியிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு இழுக்கும். இந்தத் தூசியிலேயே இருந்தால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணி மில்லுக்குள் போய் அண்ணன் பக்கத்தில் நின்று சொன்னார். அண்ணன் தலையாட்டினார். இன்னொரு நாள் மறுபடியும் சொன்னார். அதற்கும் அதே ஆட்டல்.

"கத்திச் சொல்லலாமே அண்ணி" என்றேன்.

"கத்துறதுக்கு மூச்சு இருந்தா நான் எதுக்கு டாக்டர்கிட்ட போறேன்? அவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் கல்லு மாதிரி நிக்கிறாரு. நான் தங்கச்சி வீட்டோட போய் இருந்துக்கறேன்."

"நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நீ சொல்லித்தான் அவருக்கு என் மேல அக்கறை வரணும்னா, அது எனக்கு எதுக்கு?"

தங்கச்சி வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு. அண்ணி துணிமணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த வாரம்தான் மோட்டார் காயில் கருகியது. வீட்டு ஒயரும் கூடவே போனதால் ஃபேனும் இல்லை, ரேடியோவும் இல்லை. காயில் கட்டுகிறவன் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அண்ணன் பட்ட பாடு சொல்லி மாளாது. உட்காருவார், எழுவார். முடுக்கின நட்டையே மறுபடி முடுக்குவார். காலி டின்னை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு உருட்டுவார். வெல்டிங் கடை வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார்.

"எங்க போயிட்டு வர்றீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"சும்மாதான்."

"உங்களுக்குச் சும்மா இருக்கக்கூட வெல்டிங் கடை வேணுமா?"

"காதுக்குள்ள ஙொய்யுனு கேக்குதுடி. மில்லு ஓடினா அது தெரியாது."

வியாழக்கிழமை மத்தியானம் வெல்டிங் கடையும் பூட்டிக் கிடந்தது. போக்கிடம் இல்லாமல் அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் அண்ணிக்குத் துணையாகப் பை கட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று அண்ணன் எழுந்து போய்க் குழாயை இறுக்கி மூடினார். மில்லுக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எங்கயோ பேரிங் தேயுது" என்றார்.

"மோட்டாரே இல்ல, பேரிங் எங்கேருந்து தேயும்?" என்றேன்.

அவர் கேட்கவில்லை. எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்து, கதவுக் கீல், ஜன்னல், பீரோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் அண்ணி முன்னால் வந்து நின்றுவிட்டார்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு சொட்டு விடுங்க. சரியாப் போகுதான்னு பாப்போம்."

அண்ணன் குப்பியைக் கீழே வைத்தார். "இது எப்பத்துலேருந்து?"

"போன மழைக்கு முன்னாலேருந்து. ரெண்டு தடவை சொன்னேன். தலையாட்டினீங்க."

"ஊருக்கே அப்படித்தானேடி ஆட்டுறேன்!"

"நான் ஊரா?"

அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். எழவில்லை. ஆனால் அவருடைய முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. அண்ணியின் நெஞ்சு விசில் அடித்தது. அவ்வளவு நேரம் அண்ணன் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் தங்கச்சி வீட்டுக்காரர் வந்தார். அண்ணன் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "தூசிய விட்டுப் போக வேண்டியதுதான் மாப்ள. ஆனா இவ மட்டும் எதுக்குப் போகணும்?"

மோட்டார் கட்டி வந்தும் மில் ஓடவில்லை. மூன்று தெரு தள்ளி ஒரு வீடு பார்த்து, அண்ணியைக் குடிவைத்த பிறகுதான் பெல்ட் சுற்றியது. இப்போது மத்தியானம் மில்லைப் பூட்டிவிட்டு அங்கே போய்விடுகிறார். தூக்குவாளியோடு வந்தவர்கள் பூட்டைப் பார்த்துத் திட்டுகிறார்கள்.

போன வாரம் போயிருந்தேன். அண்ணி கண்ணயர்ந்திருந்தார். பக்கத்தில் அண்ணன், முழங்காலை ஆட்டிக்கொண்டு.

"சத்தமில்லாத வீடு பழகிடுச்சா அண்ணா?" என்று மெல்லக் கேட்டேன்.

"எங்க பழகுது? அவ மூச்சு கேக்குது, உக்காந்திருக்கேன். கேக்கலைன்னா எந்திரிச்சுப் போய்ப் பாக்கறேன். நீ கொஞ்சம் பேசாம இரு."