பொட்டு வைத்த போர்டு

கடத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஒரு போர்டு, பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு போர்டு. ஊர் நம்பர்களில் பாதி அவளிடம், பாதி என்னிடம். எனக்கு வரும் சேலத்து அழைப்பு அவள் பக்கத்து நம்பருக்கு என்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். அந்த வருஷம் இரண்டு போர்டையும் கேபிளால் இணைத்தார்கள். புதிதாக ஒரு துளை வரிசை வந்தது. எந்த நம்பருக்கும் நான் உட்கார்ந்த இடத்திலேயே ஒயரைச் செருகலாம். இரண்டும் ஒரே போர்டாகிவிட்டன. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஆயுதபூஜை வந்து தொலைந்தது.

எங்கள் அதிகாரிக்குப் பக்தி ஜாஸ்தி. புதுத் துளை ஒவ்வொன்றின் மேலும் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார்.

"சார், உள்ள எறங்குனா லைன் போயிரும்ங்க."

"சாமி காரியத்துல வாயக் குடுக்காதம்மா."

முந்தானையால் துடைத்தேன். மேலே இருந்ததுதான் வந்தது. பக்கத்து போர்டுக்காரியைப் பொங்கல் கிண்டக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். அவள் நாற்காலி காலி.

சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. கடலை மண்டிக்காரரின் தங்கச்சி பேசினாள். அவர் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி ரத்தம் போய்க்கொண்டிருந்தது. "அண்ணன் ரத்தம்தாங்க சேருமாம். ஒடனே பஸ் ஏறச் சொல்லுங்க!"

மண்டி நம்பர் அவள் பக்கத்தது. புதுத் துளையில் செருகிச் சுற்றினேன். எடுக்கவில்லை. சேலத்திலிருந்து மறுபடி அழைத்தார்கள், மறுபடியும் சுற்றினேன். மண்டியில் ஆள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சமையல் பக்கமிருந்து நெய் வாசனை வந்தது. இப்போதும் அந்த வாசனை வந்தால் எனக்குக் குமட்டும்.

கொஞ்ச நேரத்தில் மண்டிக்காரரே வந்து நின்றார். "காலைல இருந்து போன் பக்கத்துலயே குந்தியிருக்கறன். ஒருக்காக்கூட மணி அடிக்கலையே. சேலத்துல இருந்து எதாச்சும் வந்துச்சாம்மா?"

அப்போதுதான் துளைக்குள் இறங்கிய சந்தனம் எனக்கு உறைத்தது. வாய் திறப்பதற்குள் அதிகாரி ஓடிவந்து அவர் கையில் சுண்டல் தொன்னையைத் திணித்தார். "நல்ல நாளு அதுவுமா வந்திருக்கீங்க. மொதல்ல சாப்பிடுங்க."

நான் கத்திச் சொன்னேன். தொன்னை கீழே விழுந்தது. மனுஷன் செருப்பைக்கூடத் தேடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

அதிகாரி தரையையே பார்த்தார். "பிரசாதத்த மிதிச்சுட்டுப் போறான் பாரு. வெளங்குவானா?"

சீ! ஒரு மனுஷன் வாயிலிருந்து வரக்கூடிய பேச்சா அது?

மண்டிக்காரர் சேலம் போய்ச் சேர்வதற்குள் தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. துளைக்குள் காய்ந்து கிடந்த சந்தனத்தைக் கொண்டை ஊசியால் நான்தான் சுரண்டினேன். அதிகாரி அந்தப் பக்கமே வரவில்லை.

மறுவருஷ ஆயுதபூஜைக்கு அதே ஆள், அதே சந்தனக் கிண்ணத்தோடு போர்டுக்கு முன்னால் வந்து நின்றார். கிண்ணத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாகச் சாக்கடையில் வீசினேன்.

"என்னம்மா, சாமி குத்தமாயிராதா?"

"அது போன வருசமே ஆயிருச்சுங்க சார்."