ரோசம்மா வெச்ச வெள்ளை ரோசா

ஆட்டுகிட்ட மன்னிப்பு கேட்டிருக்கீங்களா? நான் போன வாரம் கேட்டேன்.

சும்மா வாய்க்கு வந்தபடி இல்ல. எதுத்தாப்புல குத்துக்கால் போட்டு உக்காந்து, அதோட தாடியப் புடிச்சு, "தப்புதான்லா துரை, மனசுல வெச்சுக்காதே"ன்னு கேட்டேன். அது என் சட்டைப் பொத்தானக் கடிக்கப் பாத்துச்சு. சரி, மன்னிச்சிடுச்சுன்னு எடுத்துக்கிட்டேன்.

ஆட்டுக்குப் பேரு துரை. பேரு வெச்சது நான் இல்ல — பக்கத்து வீட்டு மாரியாயி சின்னம்மா. ஆடும் அவங்களுதுதான். தாடி இருக்கு, மொறைப்பு இருக்கு, விடிஞ்சதும் வெள்ளைக்காரத் துரை மாதிரியே தோட்டத்த ஒரு சுத்து சுத்திப் பாக்குது. வேற என்ன பேரு வெக்கிறது? தோட்டத்து ஆபீஸ் கிராணி காதுல விழுந்துடக் கூடாதுன்னு சத்தமாக் கூப்புட மாட்டாங்க. அவ்வளவுதான்.

மன்னிப்பு எதுக்கா? ஒரு ரோசாச் செடிக்கு.

வாராவாரம் இந்தப் பக்கத்துல என்கூட பேசுறவங்களுக்கு எங்க அக்காவத் தெரியும். புதுசா வந்தவங்களுக்குச் சொல்றேன். பேரு ரோசம்மா. அப்பா அம்மா இல்லாத வீட்டுல என்னை அடிச்சு, ஊட்டி, மறுபடி அடிச்சு வளத்தவ. இந்த வருசம் காய்ச்சல்ல போயிட்டா. அதுக்கு மேல எழுதலாம்னு பாத்தா... வேணாம், செடிக்கு வாரேன்.

ரோசாப்பூவ நெனச்சுதான் ஞானஸ்நானம் குடுத்த சாமியார் அந்தப் பேர வெச்சாரு. ஆனா எங்க வரிசை வீட்டு லயத்துல எவன் அப்படி நெனச்சான்? "இவ ரோசாவுக்குப் பொறந்தவ இல்லடா, ரோசத்துக்குப் பொறந்தவ"ம்பாங்க. "உன்னால முடியாது"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மூக்கு செவந்துடும். அத செஞ்சு முடிக்கிற வரைக்கும் அவளுக்கும் சோறு எறங்காது, எனக்கும் சோறு கெடைக்காது.

ஈப்போ பக்கம் ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப நான் மரம் வெட்டுனேன். அதாவது, பட்டையச் சீவிப் பால் எடுக்கிற வேலை. அக்கா துரை பங்களாவுல ஆயா. துரைசானி சீமைக்குத் திரும்பிப் போறப்ப ஒரு சட்டிய அக்கா கையில குடுத்துட்டுப் போச்சு. உள்ள வெள்ளை ரோசா. நம்ம பன்னீர் ரோசா மாதிரி கொத்துக் கொத்தா பூக்கிற சாதி இல்ல. நீட்டுக் காம்பு, காம்புக்கு ஒரே பூ, மொட்டு அப்படியே மெழுகுவத்திச் சுடர் மாதிரி நிக்கும். சாதிப் பேரு ஹைபிரிட் டீ. அக்கா வாயில அது ஐப்பரட்டி.

"டீயா? டீ ஊத்தி வளக்கணுமாக்கா?"

"மடையா, மோந்து பாத்தா டீத்தூள் வாசம் வருமாம். அதான் டீ."

மோந்து பாத்தேன். எனக்கு ஒண்ணும் வரல. வருதுன்னு சொல்லிட்டேன். அடி யாரு வாங்குறது?

அப்புறம் ரப்பர் வெல விழுந்து வேலை நின்னுச்சு. பாகான் டத்தோவுல தென்னந்தோட்டத்துல ஆளு எடுக்குறாங்கன்னு கெளம்பிட்டோம். டிரெயின்ல, அப்புறம் போட்டுல... வழி முச்சூடும் அக்கா மடியில சட்டி. என் துணி மூட்டையப் போட்டுலயே விட்டுட்டா. சட்டிய விடல.

எறங்குன அன்னைக்கே மாரியாயி சின்னம்மா வந்து எட்டிப் பாத்தாங்க. "இது கடக்கரை, தாயி. இந்த உப்புக்காத்துல தென்னை நிக்கும், நண்டு நிக்கும். ரோசாவாவது, பூக்கிறதாவது!"

போதாதா? மூக்கு செவந்துடுச்சு. "பூக்க வெச்சு உங்க கொண்டையிலயே சொருகுறேன், பாத்துக்கிட்டே இருங்க."

அன்னையிலருந்து எங்க வீட்டுல எனக்கு ரெண்டாவது எடம்தான். தரையில வெச்சா உப்புத்தண்ணி ஊறி வேரு கருகும்னு, ஒடஞ்ச படகு ஒண்ண இழுத்தாந்து மண்ணக் கொட்டி அதுல நட்டா. கடல் பக்கமா தென்னங்கீத்துத் தட்டி. கெணத்துத் தண்ணி கரிக்கும், அதனால மழைத்தண்ணி. காத்து வேகமா அடிச்ச மறுநாளு எலை எலையா மொகம் கழுவி விடுவா. எறால் தோலும் ஆட்டுப் புழுக்கையும் உரம். யாரு ஆட்டோட புழுக்கை? துரையோடதுதான்.

இதெல்லாம் சரி. ஒண்ணுதான் என்னால பாக்க முடியாது. அப்பப்ப கத்தியெடுத்து, நல்லா நீண்டு நிக்கிற கெளையப் பாதியோட நறுக்கிடுவா.

"அடோய்! காயம் போடாதேக்கா!"

மரம் வெட்டுனவனுக்குத்தான் இது புரியும். கத்தி பட்டையோட நிக்கணும். கொஞ்சம் தாண்டி உள்ள மரத்துல பட்டுச்சு, அது காயம். கங்காணி பாத்தாருன்னா நம்ம பரம்பரையையே கூப்புட்டு வெச்சுத் திட்டுவாரு. சின்ன வயசுலருந்து அந்த பயத்துலயே வளந்த கை இது. பச்சைக் கெளைய நறுக்குன்னு வெட்டுறதப் பாத்தா, கங்காணி வர்றாரான்னு திரும்பிப் பாப்பேன்.

அக்கா சிரிப்பா. "காயம் இல்லடா. முடி வெட்டி விடுறேன். வெட்டுனாத்தான் இது பூக்கும்."

பூக்கிறதுக்குள்ள அவ போயிட்டா.

செடி எங்கிட்ட வந்துச்சு. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவங்கவங்க வீட்டுக் குழிக்குப் பூ வெப்பாங்கல்ல? அதுக்குள்ள ஒரே ஒரு வெள்ளைப் பூ பூக்க வெச்சு அக்கா தலைமாட்டுல வெக்கணும். வேற ஒண்ணும் ஆசை இல்ல எனக்கு.

மழைத்தண்ணி ஊத்துனேன். மொகம் கழுவுனேன். டீயும் ஊத்துனேன்! காலையில கை பாட்டுக்கு ரெண்டு குவளை டீ போட்டுடும். பழக்கம். ஒண்ணு எனக்கு. இன்னொண்ண என்ன செய்யிறது? கொண்டு போயி படகுல ஊத்திடுவேன். லயமே சிரிச்சுச்சு. "டீ ரோசான்னா டீ குடிக்கும்னு நெனச்சுட்டான்லா, பாவம்!" நானும் சிரிச்சுட்டேன். அப்படியே நெனச்சுக்கட்டும்... யாரோட குவளைன்னு எப்படிச் சொல்றது?

எல்லாம் செஞ்சேன். வெட்ட மட்டும் இல்ல. காயம் ஒரு பக்கம். அவ கை பட்ட கெளை அது, அதுல எப்படிங்க கத்தி வெக்கிறது?

செடி என் தோளுக்கு வளந்துடுச்சு. மேல நாலு எலை, கீழ வெறுங்குச்சி. மொட்டுன்னு பேருக்குக்கூட ஒண்ணு இல்ல.

ஒரு நாளு தேங்கா உரிச்சுட்டு மத்தியானம் வாரேன். தட்டி சாஞ்சு கெடக்கு. படகுக்குள்ள நாலு காலையும் ஊனி நிக்குது துரை. வாயில கடைசிக் கெளை. முள்ளோட மென்னு முழுங்குது. படகுல சாணு உயரக் குச்சிங்கதான் மிச்சம்.

கத்திய எடுத்துட்டேன். நெசமா வெட்டியிருப்பேன்.

மாரியாயி சின்னம்மா ஓடியாந்து குறுக்க நின்னாங்க. "வெட்டுடா! முதல்ல என்னை வெட்டு, அப்புறம் அத வெட்டு!"

"உங்க ஆடு என்ன தின்னுச்சு தெரியுமா?"

"தெரியும். நான் கட்டாம விட்டது தப்பு. அந்த வாயில்லாச் சீவன் என்ன கண்டுச்சு? அதுக்கு அது தழைடா."

தழை! அந்த வார்த்தையில என்னமோ ஆகிப்போச்சு எனக்கு. அக்காவுக்கு மருந்து குடுக்க தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்தாரு, சாமியார் வந்தாரு, சவப்பொட்டி வந்துச்சு... அப்பெல்லாம் வராத அழுகை, ஏப்பம் விட்டுக்கிட்டு நின்ன ஒரு ஆட்டப் பாத்து வந்துச்சு. மண்ணுல உக்காந்து அழுதேன். கூட்டம் கூடிடுச்சு. சின்னம்மா அவங்களப் பாத்துக் கத்துனாங்க: "என்னா வேடிக்கை? ஆடு தழை திங்கிறத பாத்ததே இல்லையா? போங்கலா!" எல்லாரும் போனதும் அவங்களும் பக்கத்துல உக்காந்துட்டாங்க.

செடிய நான் அப்புறம் பாக்கவே இல்ல. டீய மட்டும் போற போக்குல ஊத்திட்டுப் போயிடுவேன்.

கொஞ்ச நாளு கழிச்சு, வெடியக்காலையில வெளியில சின்னம்மாவோட ஒரே கூச்சல். "சூசை! ஏய் சூசை! வெளிய வாடா! உங்கக்காவுக்கு மூக்கு செவந்துடுச்சுடா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஓடுனேன்.

படகுல அந்த மொட்டைக் குச்சிங்களப் பாருங்க... ஒவ்வொண்ணுலயும் கணுவுக்குக் கணு புதுத் துளிரு. பச்சையா? இல்ல, நல்ல செவப்பு! சின்னச் சின்னதா, கூரா... அப்படியே கோவத்துல அக்கா மூக்கு.

"ஆடு கடிச்சதும் ரோசம் வந்துடுச்சுடா அவளுக்கு"ன்னாங்க சின்னம்மா. பேச்சு சிரிப்பாத்தான் ஆரம்பிச்சுது. முடியிறப்ப மூக்க உறிஞ்சிக்கிட்டாங்க.

நான் பயந்து பயந்து பொத்தி வெச்சேன், குச்சியா நின்னுச்சு. ஒருத்தன் வந்து ஈவு எரக்கம் இல்லாம மேஞ்சுட்டுப் போனான், மொட்டு விட்டுச்சு. எது காயம், எது முடிவெட்டுன்னு வெட்டுற அன்னைக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியலப்பா.

கல்லறைத் திருநாளு காலையில ரெண்டு பூ நின்னுச்சு. வெள்ளைன்னா அப்படி ஒரு வெள்ளை. மோந்து பாத்தேன். இந்தத் தடவ நெசமாவே டீத்தூள் வாசம்.

கத்திய எடுத்தேன். காயமானாலும் ஆகட்டும்னு, அக்கா நறுக்குற மாதிரியே நீட்டுக் காம்போட நறுக்குனேன். ஒரு பூ அவ தலைமாட்டுக்கு. சின்னம்மாவும் கூட வந்து, சாமியார் அந்தப் பக்கம் திரும்புனப்ப சூடம் ஏத்திட்டாங்க. எங்கக்கா கோவிச்சுக்க மாட்டா.

இன்னொரு பூ? அவ சொன்ன வார்த்தை இருக்குல்ல... அங்கேயே சின்னம்மா கொண்டையில சொருகிவிட்டேன். திரும்பி வர்ற வழி முச்சூடும் தலைய ஆட்டாம நடந்தாங்க. துரை மட்டும் அந்தக் கொண்டையவே பாத்துக்கிட்டு பின்னால வந்துச்சு.

இப்பவும் காலையில ரெண்டு குவளை டீதான் போடுறேன். ரெண்டாவது இப்ப மாரியாயி சின்னம்மாவுக்கு. மொத வாய் குடிச்சுட்டு மொகத்தச் சுளிச்சாங்க:

"இந்தத் தண்ணியவாடா இத்தன நாளும் ஊத்துன? அப்புறம் எப்படிப் பூக்கும்!"