மூணு பாயிண்ட் கோடும் ஆறடி மூணு அங்குலமும்

உயரமாகப் பிறந்தவனை ஊர் சும்மா விடாது. பஸ்ஸில் ஏறினால் "சார், மேல மழை வருதா?" என்று ஒருத்தர் கேட்பார். கல்யாண வீட்டில் சீரியல் செட் மாட்டக் கூப்பிடுவார்கள், சாப்பிடக் கூப்பிட மறந்துவிடுவார்கள். எனக்கு அதிலெல்லாம் கோபம் வந்ததே இல்லை. ஜனங்களுக்குப் பேச ஒரு சாக்கு வேண்டும், என் தலை கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். என் கோபம் வேறு ஒன்றின் மேல். அது இன்றைக்கும் ஆறவில்லை.

பத்தாவது படிக்கும்போதே நான் ஆறடியைத் தாண்டிவிட்டேன். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் காலனிக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட ஒரு பாஸ்கெட்பால் கோர்ட் உண்டு. அங்கே காலையும் மாலையும் பயிற்சி கொடுத்தவரை எல்லாரும் மாஸ்டர் என்போம். ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். எங்களிடம் பைசா வாங்காமல் சொல்லிக் கொடுத்தார், அதனால் அவர் வைத்ததுதான் சட்டம். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டு போய் வளையத்துக்கு அடியில் நிறுத்தினார்.

"இதான் உன் வூடு. இத வுட்டு வெளிய போனா, அப்படியே கேட்டு வழியா போய்க்கினே இரு."

அந்த இடத்தில் ஆடுகிறவனுக்கு போஸ்ட் என்று பேர். எதிராளியை முதுகால் தள்ளிக்கொண்டே பந்தை வாங்கி, திரும்பி, பலகையில் தட்டி உள்ளே போட வேண்டும். இரண்டு பாயிண்ட். விலாவில் முழங்கை விழும், கால் மிதிபடும். மிதித்தவனே கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "இன்னாண்ணா, பலமா பட்டுதா?" என்பான். ஒரு மேட்ச் முழுக்க ஒருத்தன் மூச்சு நம் கழுத்தில் பட்டால் அவன் எதிரியாகவா இருப்பான்? எத்தனையோ பேரை நான் அப்படி இடித்துத்தான் பழகினேன்.

மூணு பாயிண்ட் கோடு அப்போதும் இருந்தது. வளையத்தைச் சுற்றித் தள்ளி வளைந்து போகிற வெள்ளைக் கோடு. அதற்கு வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று. ஆனால் எங்கள் கோர்ட்டில் அதற்குப் பெரிய மரியாதை கிடையாது. தோற்கிற நேரத்தில், வேறு வழி இல்லாதபோது, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு எறிவது. "அது லாட்டரி சீட்டுடா. குடும்பம் நடத்த உதவாது" என்பார் மாஸ்டர்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சி முடிகிற கடைசி அரை மணி நேரம், கார்டு என்று நாங்கள் சொல்கிற உயரம் குறைந்தவர்கள் அந்தக் கோட்டைச் சுற்றி நின்று எறிந்து பழகுவார்கள். போஸ்ட் ஆட்கள் எறியக் கூடாது. நாங்கள் வளையத்துக்கு அடியில் நின்று, விழுகிற பந்தையும் தெறிக்கிற பந்தையும் பிடித்து, எறிந்தவன் கைக்கே திருப்பித் தர வேண்டும். "யானை மரம் தூக்கணும், பூப் பறிக்கக் கூடாது" என்பது மாஸ்டரின் வாக்கு. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். நல்ல வார்த்தைக்கு நான் எப்போதும் மயங்குகிறவன். அன்றைக்கும் மயங்கினேன்.

ஒரு நாள் மட்டும் கை அரித்தது. பந்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் எறிந்தேன். உள்ளே போய்விட்டது. மாஸ்டர் விசில் ஊதி, மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார்.

"உள்ள போச்சே, மாஸ்டர்."

"அதான் தப்பு. போவலன்னா உனக்கே புத்தி வந்திருக்கும். ஓடு."

நான் பந்து பொறுக்கித் தந்தது பெரும்பாலும் ஒரே ஆளுக்கு. என் கூட்டாளி. அடுத்த தெருக்காரன், என் தோள் உயரம், வாய் மட்டும் என்னைவிட நீளம். என்னைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவான். அவனுக்குப் பந்து நெஞ்சுக்கு நேராக, கொஞ்சம் வலது பக்கமாக வர வேண்டும். அப்படி வந்தால் வாங்கின வேகத்திலேயே எறிவான். நானும் அப்படியே தந்து தந்து, கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த இடத்துக்குப் போடுவேன் என்று ஆகிவிட்டது.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. எங்கேயோ வெளிநாட்டில் ஆடுகிறவர்கள் கோட்டுக்கு இரண்டு அடி தள்ளி நின்று எறிவதை எங்கள் பையன்கள் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். என்னைவிட உயரமானவர்களும் எறிந்தார்கள். கூட்டாளி எனக்குக் கணக்குச் சொன்னான்.

"த பாரு கொக்கு. நான் பத்து தபா எறிஞ்சு நாலு போனா இன்னா ஆச்சு? பன்னெண்டு. நீ உள்ள பூந்து, முட்டி, ஒத வாங்கி, பத்துல அஞ்சு போட்ட. எவ்ளோ? பத்து. அடியும் வாங்கினு ரெண்டு கம்மியா வேற."

"மேட்ச்னா கணக்கு மட்டும்தானாடா?"

"வேற இன்னா, கச்சேரியா?"

கணக்கு சரிதான். சரியான கணக்கைப் போல மனிதனை ஊமையாக்குவது வேறு எதுவும் இல்லை.

இரண்டு மூன்று வருடத்தில் ஆட்டம் கைமாறிவிட்டது. குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் டோர்னமெண்ட் ஆடப் போவோம். நான் வியர்க்க வியர்க்க ஓடிப் போய் உள்ளே இடம் பிடித்துக் கையைத் தூக்குவேன். பந்து என் தலைக்கு மேலேயே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும், அங்கிருந்து வளையத்துக்குப் போகும். பந்தலுக்கு நட்ட கால் மாதிரி நின்றேன். என்னை இடிக்கக்கூட ஆள் இல்லை. எதிர் டீமின் போஸ்ட்டும் கோட்டுக்குப் போய்விட்டான். வெளியே சொன்னால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரிப்பார்கள். சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அரசு அலுவலக அணிக்கு ஆள் எடுத்தார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இரண்டு இடம், நிரந்தர வேலை. வயது வரம்பில் எனக்கு அதுதான் கடைசி வருடம். அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். நான் டிகிரியை முடிக்காமல் கோர்ட்டே கதி என்று கிடந்தவன்; இதை விட்டால் வேறு இல்லை. கிளம்பும்போது அம்மா, "உன் உசரத்துக்குத் துணி எடுத்தே நான் ஓட்டாண்டி ஆனேன். அந்த உசரம் இன்னிக்காவது ஒத்தாசை பண்ணட்டும்" என்று விபூதி வைத்தாள், ஸ்டூல் மேல் ஏறி. மாஸ்டர் தோளைத் தட்டினார். "ஹைட்டுக்கு ஒரு சீட்டு எப்பவும் உண்டுடா. கவலைப்படாத போ."

நானும் கூட்டாளியும் ஒன்றாகத்தான் போனோம். மரத் தரை போட்ட உள்ளரங்கம். காலையில் மேட்ச் வைத்தார்கள். நன்றாகவே ஆடினேன், விழுந்த பந்தில் பாதி என் கையில்தான். மத்தியானம் தேர்வுக் குழுவில் ஒருவர் வந்து, கோட்டைச் சுற்றி ஐந்து இடத்திலிருந்து எல்லாரும் எறிய வேண்டும் என்றார். எல்லாரும் என்றால் போஸ்ட் ஆட்களும்.

நான் கோட்டில் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் வளையம் வேறு ஏதோ பொருள் மாதிரி இருந்தது. அத்தனை வருடம் அதன் அடிவயிற்றைத்தான் பார்த்திருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை. முதல் பந்து வலையைக்கூடத் தொடவில்லை. அடுத்தது பலகையின் மேல் விளிம்பில் பட்டுப் பின்பக்கம் போனது. ஒன்றே ஒன்று விழுந்தது, அதுவும் தப்பித் தவறி. அவர் திட்டவில்லை, சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "ஹைட் இருக்கு, ரேஞ்ச் இல்லை" என்றார். பிறகு என்னைப் பார்த்து மரியாதையாகவே சொன்னார்.

"தம்பி, உயரமா இருக்கீங்க. கொஞ்சம் ரிங்குக்குக் கீழ நின்னு மத்தவங்களுக்குப் பந்து எடுத்துக் குடுங்களேன்."

போய் நின்றேன். கால் தானாகப் போனது. அடுத்து எறிய வந்தது கூட்டாளி. நெஞ்சுக்கு நேராக, கொஞ்சம் வலது பக்கமாக. ஒரு பந்துகூடப் பிசகவில்லை. அவனும் பிசகவில்லை.

இரண்டு இடத்தில் ஒன்று அவனுக்கு. மற்றது தெற்கேயிருந்து வந்த ஒரு பையனுக்கு. அவன் என் உயரம்தான், ஒரு விரற்கடை கூடவே இருக்கும். ஹைட்டுக்கு ஒரு சீட்டு உண்டு என்று மாஸ்டர் சொன்னது பொய்யில்லை. அந்தப் பையனுக்கு எறியச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

எலக்ட்ரிக் டிரெயினில் கூட்டாளி என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான். பல்லாவரம் தாண்டியதும் என் முட்டியில் கை வைத்தான்.

"மச்சான், நீ குடுத்த மாதிரி பந்து வேற எவன் குடுத்திருந்தாலும் எனக்கு வுழுந்திருக்காதுடா."

நன்றிதான் சொன்னான். மனசாரச் சொன்னான். அதற்கு அவன் என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம்.

இப்போது திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவன் வேலைக்குச் சேர்ந்து, மடிப்பாக்கத்தில் வீடு வாங்கி, கிரகப்பிரவேசத்துக்கு முதல் பத்திரிகையை எனக்குத்தான் வைத்தான். போனேன், சாப்பிட்டேன். அவன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். டி.வி.யில் மேட்ச் ஓடினால் மட்டும் சேனலை மாற்றிவிடுவேன். பத்துப் பேரும் தள்ளித் தள்ளி நின்று எறிகிறார்கள். யாரும் யாரையும் இடிப்பதில்லை, ஆகவே யாரும் யாரையும் தூக்கிவிடவும் வேண்டியதில்லை.

ஆனால் என் கசப்புக்கு முழுக் காரணம் அந்தத் தேர்வு என்று நினைத்துவிடாதீர்கள். முடிவு தெரிந்த அடுத்த வாரம் கோர்ட்டுக்குப் போனேன். மாஸ்டர் எல்லாரையும் வட்டமாக நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இன்னியிலேர்ந்து போஸ்ட்டு, கார்டு எல்லாம் ஒண்ணுதான். எல்லாரும் வெளியேர்ந்து எறியணும். நெட்டையா இருக்கறவன் ரெண்டு பங்கு எறியணும்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே கெட்டது என் கண், நமஸ்காரம் மற்றவர்களுக்கு. வாய் சும்மா இருக்கவில்லை.

"மாஸ்டர், அப்ப யானை, பூவு, அதெல்லாம்?"

"அப்ப ஆட்டம் அப்படி, இப்ப ஆட்டம் இப்படி" என்றார். "நானா மாத்தினேன்? ஊரே மாறிப்போச்சு."

ஒரு 'அடடா' சொல்லியிருந்தால் போதும். நான் அதிகம் கேட்கிறவன் இல்லை. அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

எல்லாரும் கோட்டைச் சுற்றிப் போய் நின்றோம். எறிய ஆரம்பித்தார்கள். வளையத்தில் பட்டுத் தெறித்த பந்துகள் நாலா பக்கமும் ஓடின. ஒன்று சாக்கடைப் பக்கம், ஒன்று கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு. ஒரு ஆட்டோ பிரேக் போட்டு, டிரைவர் எங்கள் அம்மாக்களை எல்லாம் விசாரித்துவிட்டுப் போனார். மாஸ்டர் கத்தினார்.

"யாராச்சும் கீழ போய் நில்லுங்கப்பா."

யாரும் நகரவில்லை. ஒருத்தன் பின் ஒருத்தனாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக.

நான் கோட்டிலேயே நின்றேன். என் கையில் ஒரு பந்து இருந்தது. எறிந்தேன், வளையத்துக்கு முன்னாலேயே விழுந்தது. போய் நானே எடுத்துக்கொண்டு வந்து, மறுபடி எறிந்தேன்.