மூஞ்சிக்கு ரோஸ் கலர்

இந்த ஊரில் நாலு வயதுப் பிள்ளைக்கும் அதன் பெயரிலேயே ஒரு நூலக அட்டை கொடுக்கிறார்கள். புத்தகத்தை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது, பிள்ளைதான் எடுக்க வேண்டும். அதற்கென்று முழங்கால் உயரத்தில் பெட்டிகள் வைத்துப் படப்புத்தகங்களைப் போட்டிருக்கிறார்கள். விருத்தாசலத்தில் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும் புத்தகங்களைப் பார்த்துப் பழகியவள் நான். என் மகள் மல்லிகா தரையில் சப்பணமிட்டு எல்லாவற்றையும் கலைத்துப்போட்டபோது பயந்துபோனேன். யாரும் அதட்டவில்லை. இதற்காகவாவது இங்கிலாந்துக்கு வந்தது தகும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வீடு போய்ச் சேரும்வரைகூட நிற்கவில்லை.

மல்லிகா எடுத்து வந்தது ஆங்கில எழுத்துகளைப் படம் காட்டிச் சொல்லித்தரும் புத்தகம். ஒரு பக்கத்தில் தார் பூசியதுபோல ஒரு பொம்மை முகம். முட்டைக்கண், வீங்கிய சிவப்பு உதடு, பறந்து கிடக்கும் தலைமயிர், அசட்டுச் சிரிப்பு. மல்லிகா அதன்மேல் விரலை வைத்து, "அம்மா, நீ" என்றாள். அவள் கேலி செய்யவில்லை. அத்தனை பக்கங்களில் தன் வீட்டு ஆள் ஒருத்தியைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாளே நூலகத்துக்குப் போனேன். வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கேட்டால் ஓரளவு புரியும், பேசினால் என் ஆங்கிலம் காய்கறிக் கடையைத் தாண்டாது. "திஸ் புக் பேட்" என்றேன். நூலகத்து அம்மாள் பக்கங்களைப் புரட்டி எங்கே கிழிந்திருக்கிறது என்று தேடினாள். குழந்தை கிழித்தால் பரவாயில்லை என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். நான் அந்தப் படத்தையும் என் கன்னத்தையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினேன். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. "அது வெறும் பொம்மை! பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். உங்கள் நாட்டில் வேறு மாதிரி எடுத்துக்கொள்வீர்கள்போல" என்று சிரித்தாள். அடுத்த வாரம் அதே புத்தகம் அதே பெட்டியில் கிடந்தது. ஒரு பையன் படத்தைப் பார்த்தான், மல்லிகாவைப் பார்த்தான், சிரித்தான். ஏன் என்று தெரியாமல் மல்லிகாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

வெள்ளைக்காரனைத் திட்டினால் ஊரில் இருக்கிற நீங்கள் கைதட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

அன்றைக்கே என் அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். நம் ஊர்ப் படப்புத்தகமும் நாலைந்து பீங்கான் பொம்மைகளும் அனுப்பச் சொன்னேன். இரண்டரை மாதம் கப்பலில் கிடந்து பார்சல் வந்தது. வைக்கோலை விலக்கி மல்லிகா ஒவ்வொன்றாக எடுத்தாள். குடத்தோடு ஒருத்தி, குழந்தையோடு ஒருத்தி, பள்ளிக்கூடம் போகும் பெண். அத்தனை பேருக்கும் ரோஸ் முகம். புத்தகத்தில் அம்மா ரோஸ், அப்பா ரோஸ், உழவன்கூட ரோஸ். கறுப்பாக இருந்தவன் திருடன் ஒருவன்தான்.

யாரைத் திட்டுவது? கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் விருத்தாசலத்தில் ஒரு பொம்மைப் பட்டறையில் முகம் எழுதியவள் நான். என் வீட்டுக்காரரும் அங்கே சூளை பார்த்தவர்தான், இங்கேயும் ஒரு பீங்கான் ஆலையில் அதே வேலைதான். ஒருநாள் குடம் சுமக்கும் பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியின் நிறத்தைக் கலந்து பூசினேன். மேஸ்திரி கையிலெடுத்துப் பார்த்தார். "ஏ பொண்ணு, இன்னா இது? மூஞ்சிக்கு ரோஸ் கலர் போடு. கறுப்பா இருந்தா எவன் வாங்குவான்?" என்றார். பட்டறையே சிரித்தது. அந்தத் தோழியும் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அதன்மேல் ரோஸ் பூசினேன். எத்தனை பிள்ளைகள் கையில் அந்த முகங்களைக் கொடுத்திருப்பேன்!

ஆத்திரம் தாங்காமல் அண்ணனுக்கு நாலு பக்கம் எழுதினேன். பிள்ளைகளுக்கு வாங்கும்போது முகத்தைப் பார்த்து வாங்கக் கூடாதா, கடைக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்று கேட்டேன். அண்ணன் பதில் போட்டான். "பொம்மைக்குப் போயி இம்மாங் கோவமா, சரோஜா? இங்க ஒருத்தரும் இப்டிலாம் யோசிக்கறதில்ல. அந்த ஊருக்குப் போயி வெள்ளக்காரி மாதிரி ஆயிட்ட. அது கெடக்கட்டும், பாப்பா அங்க கொஞ்சமாவது வெளுத்திருக்குதா?"

கடிதத்தைச் சுக்கு நூறாகக் கிழித்தேன். இங்கே கோபப்பட்டால் அது என் நாட்டுக் கோபம், அங்கே கோபப்பட்டால் இந்த நாட்டுக் கோபம். என் கோபத்தை என்னுடையதென்று ஒப்புக்கொள்ள ஒருவரும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வெற்று நோட்டையும் கலர் பென்சில்களையும் எடுத்துக்கொண்டு மல்லிகாவோடு உட்கார்ந்தேன். 'அ' எழுதி, பக்கத்தில் அம்மா வரைந்தேன். பழுப்பை அழுத்தித் தேய்த்து முகத்துக்கு நிறம் கொடுத்தேன். புடவை கட்டிவிட்டேன். குளிருக்கு மேலே ஒரு கோட்டு, காலில் பூட்ஸ். பின்னால் வீடு வேண்டும் என்றாள் மல்லிகா.

"எந்த வூடு? மாமா வூடா, இந்த வூடா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்" என்றாள்.

தாளில் ஒன்றுக்குத்தான் இடம் மிச்சமிருந்தது.