இரத்தக் குறைவு என்று சொன்னேன்

வாப்பாவுக்கு இரத்தப் புற்றுநோய் என்பதை எங்கள் வீட்டில் முதலில் அறிந்தவள் நான். கண்டி ஆஸ்பத்திரியில் டொக்டர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு விளங்கியது. வாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டியாரக் குடாவில் நாற்பது வருடம் மீன் பிடித்தவர், கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுகிறவர்.

"என்னவாம் மகள்?"

"இரத்தக் குறைவாம் வாப்பா. ஊசி போட்டாச் சரியாகுமாம்."

"அவ்வளவுதானா? அதுக்கா இவ்வளவு நேரம் கதைச்ச?" என்று சிரித்தார்.

அவர் மனம் உடைந்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னதாக உம்மாவிடம் சொன்னேன். உம்மாவுக்கு மட்டும் உண்மையைச் சொல்லி, வெளியே வாய் திறக்கக் கூடாது என்று குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தியமும் வாங்கினேன். ஆனால் வாப்பாவின் மனம் பாதிக் காரணம்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் பல்கலைக்கழகம் போனவள் நான் ஒருத்திதான். எங்கள் ஊரான கிண்ணியாவில் தெருவில் போனால் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டுவார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அதே வாய்கள் எங்கள் வாசலில் நின்று "ஐயோ பாவம்" என்று சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

ஒவ்வொரு கிளினிக்குக்கும் நானே வாப்பாவைக் கூட்டிப் போனேன். ஒருநாள் டொக்டர் என்னைத் தனியாக அழைத்து, கொரோனா பற்றி எச்சரித்தார். ஊரெல்லாம் அதை மறந்துவிட்டிருந்த காலம் அது. தடுப்பூசி எல்லாம் போட்டாகிவிட்டதே என்றேன். மற்றவர்களைப் போல் இவருக்கு அது வேலை செய்யாது என்றார். கிருமியை எதிர்க்க வேண்டிய அணுக்களில்தான் நோயே இருக்கிறது. பற்றாததற்கு வயது எழுபதுக்கு மேல். தடிமல், இருமல் உள்ளவர்களை அவர் பக்கத்தில் விடாதே, காய்ச்சல் கண்டால் ஒருநாளும் பொறுக்காதே, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் நோயின் பெயரைச் சொல் என்றார். நான் எல்லாவற்றையும் அழகான எழுத்தில் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

பிறகு திருக்கோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எனக்கு நியமனம் கிடைத்தது. உம்மா துஆ ஓதிச் சாப்பாடு கொடுக்க விரும்பினார். நெருங்கின சொந்தக்காரர்கள் மட்டும் வந்தார்கள். தோப்பூரிலிருந்து மாமா, உம்மாவின் தம்பி, தன் வயலில் விளைந்த நெல்லைக் குத்தின அரிசி ஒரு மூட்டையோடு வேனில் வந்து இறங்கினார். சோதனைக் காலங்களில் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி பரீட்சை மண்டபத்து வாசலில் விட்டவர் அவர். வாசலுக்கு வரும்போதே இருமினார்.

"என்ன தம்பி, மார்ச்சளியா?" என்று உம்மா கேட்டார்.

"இல்ல ராத்தா, வேளாண்மை வெட்டின தூசி. மூணு நாளா உடம்பும் கொஞ்சம் காயுது."

"கொரோனாவா இரிக்கப் போகுது மாமா," என்று உள்ளேயிருந்து யாரோ பகிடி விட்டார்கள்.

"அது எப்பவோ திருக்கோணமலையில கப்பலேறிப் போயிட்டு, புள்ள! வழியனுப்பினதே நாந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் பக்கத்தில் விருந்துச் சோறு சஹனில்தான். அகன்ற வட்டத் தட்டம் ஒன்றில் நெய்ச்சோறும் இறைச்சியும் வைத்து, பாயில் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டத்தில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். மச்சானோடு ஒரு சஹனில் உட்காராமல் தனிச் சோற்றுக் கோப்பையில் சாப்பிட்டால், அவரோடு கோபம் என்றுதான் அர்த்தம். காரணம் சொல்லாமல் அதைச் செய்ய ஏலாது.

உம்மா குசினிக்குள் என் கையைப் பிடித்தார். "புள்ள, வாப்பாவுக்கு அறைக்குள்ள வேற வைப்பமா? தம்பிட இருமலப் பாத்தா எனக்கு மனசு சரியில்ல."

"அப்ப எல்லாரும் என்னத்துக்கெண்டு கேப்பாங்க. நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"நீதானே படிச்சவள். நீ சொன்னாச் சரி."

வாப்பாவும் சஹனிலேயே உட்காரட்டும் என்றேன். பிறகு கதவுச் சீலையை விலக்கிப் பார்த்தேன். ஒரு சஹனின் மேல் ஐந்து தலைகள் குனிந்திருந்தன. மாமா நல்ல இறைச்சித் துண்டுகளைப் பிய்த்துப் பிய்த்து வாப்பாவின் பக்கம் தள்ளினார். "தின்னுங்க மச்சான், மகள் கவுமெந்துல ஏறிட்டா. இனி நீங்க கதிரையில இருந்து காலாட்டுங்க." சொல்லிவிட்டு முகத்தைக்கூடத் திருப்பாமல் இருமினார். வாப்பா சந்தோஷமாகச் சாப்பிட்டார். நான் சீலையை விட்டுவிட்டு, இனிப்புக்கு வட்டிலாப்பம் வெட்டப் போனேன்.

நான்காம் நாள் காலையில் வாப்பாவுக்குக் காய்ச்சல். பகலுக்குள் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. உம்மா அழுதுகொண்டே தம்பிக்குத்தான் அழைப்பெடுத்தார். மாமா வேனைக் கொண்டு வந்து, எங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வாப்பாவைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிப் போனவரும் அவர்தான்.

இளம் டொக்டர் ஒருவர் தமிழில் கேட்டார். "வேற வருத்தம், நோய் ஏதும் இருக்கா? மருந்து பாவிக்கிறவரா?"

மாமா என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். கொப்பியில் நானே எழுதிய வரி எனக்கு மறந்திருக்கவில்லை. அப்படியிருந்தும் வாயில் வந்தது இதுதான்.

"இரத்தக் குறைவு. வேற ஒண்டுமில்ல."

டொக்டர் எழுதினார். வெளியே மர வாங்கில் உட்காரச் சொன்னார், முறை வரும்போது கூப்பிடுவார்களாம். மாமா வாப்பாவைத் திருப்பினார். வாப்பா திரும்பவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்ல டொக்டர். எனக்கு இரத்தத்துல புத்துநோய். கண்டியில ஊசி போடுற."

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்தார். டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க மகள்தானே? உங்களுக்கு இது தெரியாதா?"

"தெரியும்," என்றேன்.

அவர் எழுந்து தாதியைக் கூப்பிட்டார். உடனே கட்டில் வந்தது, ஒட்சிசன் வந்தது, மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள். கொரோனாதான். நான் கட்டிலோரம் நின்று, "எப்படி வாப்பா தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டேன். முகமூடிக்குள்ளிருந்து சொன்னார்: "அந்தக் கிளினிக்குக்கு வாற எல்லாருக்கும் அதுதானே மகள். வாங்குல இருந்தா கதைப்பாங்க தானே."

இரண்டு வருடம் அவர் எனக்காகத் தெரியாதவராக இருந்திருக்கிறார்.

மாமா கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "நான் கொண்டு வந்து குடுத்தனே," என்றார். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வாசலோட அரிசிய இறக்கிட்டுப் போயிருப்பனே. ஏன் எனக்கிட்ட மறைச்ச? ஆர் மறைக்கச் சொன்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாப்பா முகமூடியைச் சற்றுத் தூக்கினார்.

"நாந்தான், மச்சான். ஆருக்கும் சொல்லப்படாதெண்டு நாந்தான் சத்தியம் வாங்கின. புள்ளைய ஏசாதீங்க."

மாமா அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு வெளியே போனார். நான் அங்கேயே நின்றேன். இல்லை மாமா, நான்தான் என்று சொல்ல அந்த விறாந்தை முடியும்வரை நேரம் இருந்தது. அவருடைய செருப்புச் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

வாப்பா பிழைத்தார். மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். புற்றுநோய் ஊசிகள் தள்ளிப்போனதில் நோய் கொஞ்சம் ஏறிவிட்டது என்று கண்டியில் சொன்னார்கள். அதை மட்டும் வாப்பாவிடம் உள்ளபடி சொன்னேன். "சரி," என்று தலையாட்டினார்.

மாமா இப்போதும் அரிசி அனுப்புகிறார், ஆனால் ஆள் மூலம். என்னோடு போனில் பகிடியாகக் கதைப்பார், வேலை எப்படி என்று விசாரிப்பார். வாப்பாவிடம் கொடுக்கவா என்றால், "வேணாம் புள்ள, உன்ட வாப்பா என்னை நம்பல்ல," என்று வைத்துவிடுவார். வாப்பா பக்கத்தில் கதிரையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பார்த்தால் நான் சொல்லிவிடுவேன் என்று பயப்படுகிறாரோ, சொல்ல மாட்டேன் என்று தெரிந்துதான் பார்க்காமல் இருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. நேற்றும் மாமா எடுத்தார். நேற்றும் நான் சொல்லவில்லை.