தூங்காதே என்று சொன்ன வாய்

சபையாரே, பிரசங்கம் பண்ணத் தெரியாத ஒருத்தன் வாயை ஆண்டவர் எப்படி அடைத்தார், எப்படித் திறந்தார் என்று சொல்லத்தான் எழுந்திருக்கிறேன். இதைச் சொல்லும்போது இடையில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த வாரம். இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. நான் அப்போது கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் உபதேசியார். உபதேசியார் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மணி அடிப்பேன், பாட்டு எடுத்துக் கொடுப்பேன். பிரசங்கமெல்லாம் கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் பாஸ்டர் ஐயாதான்.

அந்த வாரத்தில் எங்கள் சபை தானியேல் அண்ணனின் மகள் எஸ்தரைப் பாம்பு கடித்தது. பத்தொன்பது வயசு. அண்ணன் கூலிக்காரர், ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வீட்டில் முதலில் கோயிலுக்கு வந்தவள் எஸ்தர்தான். அவள் பின்னால்தான் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். காலையில் கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை இலைகளை உரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கணுக்காலில் கடி.

கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். நான் கால்மாட்டில், அண்ணன் தலைமாட்டில். பாம்பு கடித்தவர்களைத் தூங்கவிடக் கூடாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் கத்திக்கொண்டே ஓடினேன்.

"அண்ணா, தூங்க வுடாதீங்க! தூங்குனா போச்சி!"

அவர் ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மகள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். "எஸ்தரு, தூங்காதம்மா. அப்பாவப் பாரு. தூங்காதம்மா."

முதல் மரத்தை வெட்டிப் போட்ட ஆட்களே கோடாலியை வீசிவிட்டு வந்து கட்டிலைத் தூக்கித் தாண்டிவிட்டார்கள். இரண்டாவது மரத்தையும் தாண்டினோம். மூன்றாவது மரத்துக்கு முன்னால் அவள் கண் மூடிவிட்டது. அண்ணன் தட்டிக்கொண்டேதான் இருந்தார். நான்தான் கட்டிலை இறக்கச் சொன்னேன்.

எவ்வளவு ஜெபித்தேன் தெரியுமா! "பொழைச்சிக்கும்ணா, ஆண்டவரு கைவுட மாட்டாரு" என்று வழியெல்லாம் வாக்கு வேறு கொடுத்திருந்தேன்.

பாஸ்டர் ஐயாவுக்குச் சொல்லியனுப்ப வழியில்லை. உடம்பை வைத்திருக்கவும் முடியாது. "உபதேசியாரே, அடக்கத்த நீங்களே செஞ்சிடுங்க" என்று என் தலையில் கட்டினார்கள். மறுநாள் காலை கோயிலில் முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. கோபம்தான் வந்தது. நேற்று கேட்டதைக் கொடுக்காதவரிடம் இன்று என்ன கேட்பது? கடைசியில், "அந்த மனுஷன் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரே ஒரு வார்த்தை கொடும்" என்று மட்டும் கேட்டேன். ஒன்றும் வரவில்லை.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. அடக்க ஆராதனைகளில் பாஸ்டர் ஐயா பேசுவதை அப்படியே எழுதி வைத்த நோட்டு. பெயர் வரும் இடத்தில் எஸ்தர் பெயரைப் போட்டு, குழிக்கரையில் நின்று வாசிக்க ஆரம்பித்தேன்.

"நம் சகோதரி எஸ்தர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அவள் தூங்குகிறாள்..."

தானியேல் அண்ணன் எழுந்தார்.

"இன்னா சொன்னீங்க? தூங்குறாளா? தூங்க வுடாதன்னு நேத்து நீங்கதான சொன்னீங்க? கன்னம் செவக்கச் செவக்க அடிச்சிக்கினே வந்தனே எம்பொண்ண! தூங்குறான்னா எதுக்குப் பொதைக்கிறீங்க? எழுப்புங்க!"

பெட்டியின்மேல் விழுந்து கட்டிக்கொண்டார். மூட விடவில்லை. எஸ்தரின் அம்மா வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சாவை நித்திரை என்பது நமக்குப் பழகிப்போன வார்த்தை. புது விசுவாசிக்கு அது வெறும் தூக்கம்தான். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஓடிவிடலாமா என்றிருந்தது. 'கேட்டேனே ஆண்டவரே, ஒரு வார்த்தை கேட்டேனே' என்று உள்ளுக்குள் கதறினேன்.

அப்போது கொடுத்தார். நேற்றிலிருந்து நாங்கள் யாருமே அண்ணன் முகத்துக்கு நேராகச் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்த வார்த்தை அது. நோட்டை மூடினேன். மண்ணில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன்.

"எஸ்தரு செத்துட்டாண்ணா."

கையை விடாமல் மேலே சொன்னேன்.

"வெசம் ஏறி செத்துட்டா. நீங்க தூங்க வுட்டதால இல்ல. பொழைப்பான்னு சொன்னது என் தப்பு. என்னால எழுப்ப முடியாதுண்ணா. ஆண்டவருதான் எழுப்பணும். எழுப்புவாரு. என்னிக்குன்னு எனக்குத் தெரியாது."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன் என் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதார்.

"நாந்தான் தூங்க வுட்டுட்டேன்னு இருந்தேனே, உபதேசியாரே!"

அந்தப் பாரத்தை ஒரு பகலும் ஒரு இரவும் அவர் தனியாகச் சுமந்திருக்கிறார். அழுது ஓய்ந்தபின் அவரே எழுந்து பெட்டியை மூடினார். குழியில் முதல் மண் போடும்போது சத்தமாக ஜெபித்தார். சபையில் அவர் வாய் திறந்து ஜெபித்தது அதுதான் முதல் தடவை.

"ஆண்டவரே, என்னால ஆன வரைக்கும் தூங்க வுடாம பாத்துக்கினேன். இனிமே எம்பொண்ணு தூங்கட்டும். நீரு முழிச்சிக்கினு இரும்."

அன்றைக்கு அடக்கப் பிரசங்கம் செய்தது அவர்தான். நான் ஆமென் சொன்னேன், அவ்வளவுதான்.

எஸ்தரின் உயிரைக் கேட்டேன், கிடைக்கவில்லை. அதை மறைத்தால் இது பொய்ச்சாட்சி. ஒரு வார்த்தை கேட்டேன், கிடைத்தது. அதற்கு நான் சாகும்வரை ஸ்தோத்திரம் சொல்வேன். அந்த நோட்டை மறுபடி தொடவில்லை. சாவு வீட்டில் முதலில் தரையில் உட்கார்ந்து, செத்துப்போய்விட்டார் என்று சொல்லி அவர்களோடு அழுவேன். நித்திரையைப் பற்றிப் பேசுவதெல்லாம் பிறகுதான்.

உங்களிலும் இப்படி வாய் அடைத்துப்போய் உட்கார்ந்திருப்பவர்கள் இருப்பீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே கேளுங்கள், அவர் தாங்குவார். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். முழித்திருக்கச் சொல்லி தானியேல் அண்ணன் அவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார்.